பொட்டு வைத்த டிஃப்

எங்கள் வீட்டில் என் கணவர் ஜெயராஜ் கழற்றிப் பார்க்காதவை இரண்டுதான்: ஒன்று நான், மற்றது அவருடைய அம்மா. தண்ணீர் மோட்டரைக் கழற்றினார். அன்றிலிருந்து அது சத்தம் போடுகிறது, தண்ணீர் இழுப்பதில்லை. ரைஸ் குக்கரைக் கழற்றினார். அது இப்போது ஒரு பக்கம் கருக்கி, மறுபக்கம் அரிசியாகவே வைத்திருக்கிறது. தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டியபோது இரண்டு திருகாணிகள் மிஞ்சிவிட்டன. வேறு ஆளாக இருந்தால் வெட்கப்பட்டு எறிந்திருப்பான். இவர் அவற்றை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு, மேலே 'தையல் மெஷின் – மிச்சம்' என்று முத்து முத்தாக எழுதி அலுமாரியில் வைத்தார். கந்தோரில் பதினைந்து வருஷமாகப் பைல்களுக்குப் பெயர் எழுதி வந்த கையெழுத்து. அந்த மனுசனிடம் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

அதனால் என் வேனின் டிஃப் உடைந்துபோன திங்கட்கிழமை, "நானே மாத்திர்றேன் தர்ஷி" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேன் என்னுடையது. பழைய டொல்பின் ரகம். ஆறு வருஷமாக அம்பிட்டியவிலிருந்து கண்டி டவுனில் உள்ள பள்ளிக்கூடங்களுக்குப் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். தொடங்கும்போது மூன்று பிள்ளைகள்தான். பொம்பளை ஓட்டுற வேனில் பிள்ளையை அனுப்பலாமா என்று வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்த தாய்மார் எத்தனையோ பேர். டீசலுக்கு ராப்பகலாக வரிசையில் நின்ற வருஷத்திலும் நான் ஓட்டத்தை விடவில்லை. அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்த பதினெட்டு அது.

டிஃப் என்பது வேனின் பின் அச்சில், இரண்டு சில்லுக்கும் நடுவில் தொங்குகிற இரும்புக் குடம். அதற்குள் தட்டம் அளவில் ஒரு பல்சக்கரம், கிரவுன். அதைச் சுற்ற வைக்கச் சின்னதாக இன்னொன்று, பினியன். இஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இரண்டும் ஒழுங்காகக் கடிக்காவிட்டால் வேன் நகராது. என் வேனில் கிரவுனின் இரண்டு பல் உடைந்துவிட்டது. நல்லவேளை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டு ஏற்றத்தில் வரும்போதுதான் கடகடவென்று அடித்தது.

குண்டசாலையில் கராஜ் வைத்திருக்கும் என் அண்ணன் இராமகிருஷ்ணனுக்குப் போன் எடுத்தேன். அந்தப் பக்கத்தில் கிருஷ்ணன் பாஸ் என்றால் தெரியாதவர்கள் இல்லை. தெரியாதவர்களுக்கு அவனே சொல்லிவிடுவான். "கொண்டாந்து போடு தங்கச்சி. ஆனா மூணு கிழமை ஆகும். லொறி ரெண்டு நிக்குது" என்றான். சொந்தத் தங்கச்சியின் வேனை முதலில் எடுத்தால் லொறிக்காரர்கள் கோவிப்பார்களாம்.

மூன்று வாரம் என்றால் என் ஓட்டம் முடிந்தது. அன்றைக்கே, அதே ரோட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற இப்திகார் நானா போன் எடுத்து, "ஒரு கிழமைக்கு நான் ஏத்திக்கிறன் தங்கச்சி, யோசிக்காதீங்க" என்றார். அவர் நல்ல மனுசன், அதுதான் பிரச்சினை. கெட்டவனாக இருந்தால் தாய்மார் என்னிடம் திரும்பி வருவார்கள் என்று நம்பலாம். போதாததற்கு அவருடைய வேனில் ஏ.சி. இருக்கிறது, கார்ட்டூன் ஓடுகிற டீவியும் இருக்கிறது. எங்கள் வேன் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலா, இரண்டு பிள்ளைகளை என் வேனில் விடுகிறவள், எல்லாருக்காகவும் எழுதிவிட்டாள்: அடுத்த திங்கள் வரைக்கும் பார்ப்போம், அதற்குப் பிறகும் பிள்ளைகளை இங்கேயும் அங்கேயும் மாற்ற முடியாது, இப்திகார் நானாவோடேயே விட்டுவிடுவோம். பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஆக, என் ஆறு வருஷம் அடுத்த திங்கட்கிழமை காலையில் போய் நின்றது. அதைத் தூக்கி ஜெயராஜின் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவர் மூன்று நாள் லீவு போட்டார். டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் ஜப்பானிலிருந்து வந்த கிரவுனையும் பினியனையும் தேடிப் பிடித்துக் கொண்டு வந்தார். ஏதோ பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி முகமெல்லாம் பல்.

"பாரு தர்ஷி, ரெண்டுலயும் ஒரே நம்பர் வெட்டியிருக்கு. பிறந்ததுல இருந்து ஒண்ணா ஓடின சோடி. சோடி மாறக்கூடாது."

"மாறியிருந்தா எனக்கு நல்லது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அல்லது விளங்காத மாதிரி இருந்தார். அதுவும் அவருக்குக் கைவந்த கலை.

பிறகு படிப்பு. யூடியூபில் தாடிக்காரன் ஒருவன் இங்கிலிஷில் டிஃப் பூட்டிக் காட்டுகிறான். இவர் நிமிஷத்துக்கு ஒருமுறை அவனை நிறுத்தி, சி.ஆர். கொப்பியில் குறிப்பெடுத்தார். சிவப்புப் பேனையால் தலைப்பு, நீலப் பேனையால் விளக்கம், பக்கத்தில் ரூலர் வைத்துக் கீறிய படம். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தோற்றுவிடும். நான் தேத்தண்ணீர் கொண்டு போய் வைத்தபோது, "இதுல பாஸ் பண்ணினா சேர்ட்டிபிக்கட் குடுப்பாங்களா?" என்று கேட்டேன். "இல்ல, சும்மாதான்" என்று தலையைத் தூக்காமல் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை தகரக் கொட்டகையில் வேனை ஜக்கில் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, சில்லைக் கழற்றி, ஒயிலை வடித்து, உள்ளே இருக்கிற நீளக் கம்பி இரண்டையும் உருவினார். டிஃப்பை இறக்கப் பிடிக்க ஆள் வேண்டும். என்னைக் கூப்பிடவில்லை. அவருடைய அம்மாவின் பழைய தலையணையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கீழே படுத்து, அந்த முப்பது கிலோ இரும்பைத் தன் மேலேயே இறக்கிக்கொண்டார். இறக்கிய பிறகுதான், எழும்புவது எப்படி என்று யோசிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு போனை எடுத்துக் குழுவுக்கு ஒரு வொய்ஸ் போட்டேன்.

"நம்ம வீட்டுக்காரர் டிஃப்ப நெஞ்சுல வச்சுத் தாலாட்டிக்கிட்டு இருக்காரு. திங்கக்கெழமை வேன் வருதோ இல்லையோ, இவரு ஆஸ்பத்திரிக்குப் போயிருவாரு."

கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் பதினாறு வந்தன. அந்தக் குழுவில் அவரும் இருக்கிறார். லீவு நாட்கள், நேர மாற்றம் எல்லாம் டைப் பண்ணிப் போடுவது அவர் வேலை. அது எனக்கு நினைவில்லாமல் இல்லை. நினைத்துப் பார்க்க வேண்டிய ஆளாக அவர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தான். வேலை செய்ய இல்லை, வேடிக்கை பார்க்க. கொட்டகையில் விரித்திருந்த பேப்பரில் பாகங்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் கீழே துண்டு எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"மாப்ள, இது பைல் கட்டுற வேலை இல்ல. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவுல தலைமுடி அளவு எடைவெளி. கூடினா அடிக்கும், கொறைஞ்சா ஊளையிடும். பதினாலு வயசுல தொட்ட எனக்கே ஒரு நாள் எடுக்கும்."

"சரி மச்சான்" என்றார் ஜெயராஜ்.

"லேத் பட்டறை ரஸீன்கிட்ட அந்த எடைவெளி அளக்கிற டயல் கேஜ் எரவல் வாங்கியிருக்கீங்களாமே. அத எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியுமா?"

"பாத்துக்கிறேன் மச்சான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக என் அண்ணன் என்ன சொன்னாலும் இவருடைய பதில் அந்த 'சரி மச்சான்'தான். ஒரு தடவையாவது திருப்பிக் கொடுத்திருந்தால் எனக்கு இவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் பூட்டினார். பிறகு வாசல் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்டில் ஒயில் கலந்து, கிரவுனின் பற்களில் பூசிச் சுற்றினார். பினியனின் பல் படுகிற இடத்தில் பெயின்ட் அழிந்து தடம் விழுமாம். தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. விழுந்தது நுனியில். பினியனுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய தகட்டு வளையத்தை மாற்றித் தடிப்பானதைப் போட வேண்டுமென்று, பூட்டியதை எல்லாம் மறுபடியும் கழற்றினார்.

"எத்தனை தரம் கழட்டுவீங்க?"

"சரி வர்ற வரைக்கும்."

"நாளைக்கு வெள்ளி. நாளன்னைக்கு சனி. நாள் உங்களுக்குத் தெரியுமா, இல்ல அதையும் கொப்பியில எழுதித் தரவா?"

"தெரியும் தர்ஷி" என்றார். எதற்கும் கோபம் வராத ஆளைத் திட்டுவது எவ்வளவு களைப்பான வேலை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. கந்தோரிலும் சரஸ்வதி பூசை என்பதால் அவர் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். போவதற்கு முன் கொட்டகைக்குள் குந்தி எதையோ போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் என் மாமியார் பேச்சியம்மா கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஜெயராசு அந்தச் சக்கரத்துக்கு மஞ்சள் பூசி வச்சிருக்கான் புள்ள. பூசைக்குத்தான் போல. ஆனா ஊத்தையா கெடக்கே. ஆயுதத்தக் கழுவாமப் பொட்டு வைக்கலாமா?"

அது மஞ்சள் இல்லை, கேற்றுப் பெயின்ட் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குள்ளே ஒரு குதூகலம் வந்தது. இந்தச் சாமான் இனி வேனை ஓட்டப் போவதில்லை, சாமியாகவாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். பெரிய தாச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பேப்பரில் கிடந்தவற்றை எல்லாம் அள்ளிப் போட்டு, பாத்திரம் தேய்க்கிற பிரஷால் தேய்த்தேன். கிரவுன், பெயாரிங், அந்தப் பெயாரிங்குகளை மேலே அமத்திப் பிடிக்கிற அரைவட்ட இரும்புக் கெப் இரண்டு, போல்ட், வளையம், ஒன்றும் விடவில்லை. பழைய சீலைத் துண்டால் துடைத்தேன். துண்டில் கறுப்பும் நீலமுமாக இழுபட்டது. கிரீஸ் என்று நினைத்தேன்.

சாமி அறையில் வாழை இலை போட்டு, மாமியாரின் அரிவாள், தேங்காய் துருவி, என் லைசன்ஸ், நடுவில் டிஃப். விபூதி, சந்தனம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குங்குமப் பொட்டு. மாமியார் கற்பூரம் காட்டிக் கண் மூடிக் கும்பிட்டார். நான் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். 'எங்கள் வீட்டுப் புதுச் சாமி. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் வரலாம்.' மறுபடியும் மஞ்சள் முகங்கள். அஞ்சலா தனியாக நாலு போட்டாள்.

இரண்டு மணிக்கு அவர் வந்தார், கையில் கந்தோரில் கொடுத்த அவல், கடலைப் பொட்டலத்தோடு. சாமி அறை வாசலில் அப்படியே நின்றார்.

"யாரு கழுவினா?"

"நான்தான். சாமிக்கு முன்னால ஊத்தையா வைக்கச் சொல்றீங்களா?"

உள்ளே போய்க் குந்தி, அந்தக் கெப் இரண்டையும் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். திருப்பினார். நகத்தால் சுரண்டினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று எழும்பி, பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தார். இவ்வளவு பளபளப்பாக்கி வைத்திருக்கிறேன், ஒரு நன்றி சொல்லத் தெரியவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு நான் சமையலறைக்குப் போனேன்.

சனிக்கிழமை முழுக்கக் கொட்டகையில் கிடந்தார். மத்தியானம் போய்ப் பார்த்தபோது மஞ்சள் பெயின்ட்டில் தடம் பல்லின் நடுவில் அழகாக விழுந்திருந்தது. அதற்குக்கூட அவர் சந்தோஷப்படவில்லை. கெப்பைக் கழற்றுவதும், மாற்றிப் போடுவதும், பக்கத்தில் இருக்கிற மரையை முறுக்கிப் பார்ப்பதுமாக இருந்தார்.

"இப்பிடிப் போட்டாலும் இறுக்கமா இருக்கு. அப்பிடிப் போட்டாலும் இறுக்கமா இருக்கு" என்றார் தனக்குத்தானே.

"உங்க மண்டையும்தான் இறுக்கமா இருக்கு. இருட்டுறதுக்குள்ள வேன் கீழ எறங்கணும். இல்லாட்டி நானே இப்திகார் நானாவுக்குப் போன் பண்ணி, புள்ளைகள வச்சுக்கங்கன்னு சொல்லிர்றேன்."

அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கொஞ்சம் இறுக்கம் குறைந்த மாதிரித் தெரிந்த பக்கமாகப் போட்டுப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனை எடுத்தேன். அவர் பக்கத்து சீட்டில். அம்பிட்டியவிலிருந்து டவுன் வரை சத்தமே இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஆனால் முகத்தில் காட்டவில்லை. ஹந்தானை ஏற்றத்தில் விட்டேன், ஏறியது. மேலே திருப்பி, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் விட்டதும் பின்னால் ஊளை கிளம்பியது. இறங்க இறங்கக் கூடியது. தோட்ட லயத்து வீடுகளுக்குப் பக்கத்துப் பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் டிஃப்பில் கை வைக்க முடியவில்லை. கொதித்தது.

அந்த ரோட்டில், அத்தனை பேருக்கு முன்னால் நான் பேசியதை இங்கே முழுக்க எழுத முடியாது. மோட்டரிலிருந்து தொடங்கினேன். குக்கர், தையல் மெஷின், தீப்பெட்டி, கொப்பி, தாடிக்காரன், ஒன்றையும் விடவில்லை. "ஒரு மனுசனுக்குத் தனக்கு என்ன தெரியாதுன்னாவது தெரியணும். உங்களுக்கு அதுவும் தெரியாது. என் ஆறு வருஷத்தை எடுத்து வெளையாடிட்டீங்க" என்றேன். அவர் சில்லைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணனுக்குப் போன் பண்ணு தர்ஷி" என்றார் கடைசியில்.

சூடு ஆறவிட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டி, வழியில் நிறுத்தி நிறுத்தி குண்டசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலிருந்து எழும்பி வந்தான். தங்கச்சிக்காக இல்லை, மாப்பிள்ளை தோற்றதைத் தன் கண்ணால் பார்க்க. அது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. ஜெயராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டு, போனை என்னிடம் பிடித்துக்கொள்ளக் கொடுத்தார். இருவருமாக டிஃப்பை இறக்கி மேசையில் வைத்தார்கள்.

அண்ணன் டோர்ச் அடித்துப் பற்களைப் பார்த்தான். பிறகு இன்னொரு தடவை பார்த்தான்.

"பல்லு படிஞ்சிருக்கிற எடம் சுத்தமா இருக்கே. எடைவெளியும் சரி. இத யாரு செஞ்சு தந்தா?"

"நான்தான் மச்சான்."

"சும்மா சொல்லாதீங்க மாப்ள" என்று சிரித்துக்கொண்டே பக்கத்து மரையை முறுக்கிப் பார்த்தான். முறுகவில்லை. கெப்பைக் கழற்றினான். அடியில் இருந்த பெயாரிங் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. அண்ணனுக்கு முகம் மலர்ந்தது.

"ஆ, இந்தா கெடக்கு வெசயம். கெப்பு ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டிருக்கீங்க. பாக்க ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். ஆனா அந்தந்தப் பக்கத்தோட சேத்துக் கடைஞ்சது. இடது இடதுக்குத்தான், வலது வலதுக்குத்தான். கழட்ட முந்தியே அடையாளம் போடணும். என் கராஜுல கூட்டுற பயலுக்குத் தெரியும் இது. போடலையா?"

ஜெயராஜ் கையைத் துணியில் துடைத்தார்.

"மறந்துட்டேன் மச்சான்."

"மறந்துட்டாராம்" என்று அண்ணன் என்னைப் பார்த்தான். "கொப்பியில எழுதினாராம், துண்டு ஒட்டினாராம், இத மறந்துட்டாராம். சரி, படமாவது எடுத்திருப்பீங்களே, காட்டுங்க பாப்போம்."

"போன்ல எடம் இல்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அழித்துவிட்டேன் என்ற சொல் எனக்கு இடித்தது. மிஞ்சிய இரண்டு திருகாணியைத் தீப்பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வைக்கிற ஆள் ஒன்றையும் அழிக்க மாட்டார். பொய். அதையும் பிடித்துக்கொடுத்து இன்றைக்கு மானத்தை முழுசாக வாங்கிவிட வேண்டும் என்று, என் கையில் இருந்த அவருடைய போனைத் திறந்தேன்.

நூற்று நாற்பது படம் இருந்தது. ஒன்றும் அழியவில்லை. கடைசிப் படம் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிஷம். பேப்பரின் மேல் கெப் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் 'இ', மற்றதில் 'வ'. நீல மார்க்கரில், முத்து முத்தாக.

நான் கழுவியது பதினொரு மணிக்கு.

துண்டில் இழுபட்ட நீலம் ஞாபகம் வந்தது. சாமி அறையில் அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. இரண்டு நாளாக, ஹந்தானை ரோட்டில் நான் கத்தியபோதும், அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேசையில் கிடந்த கெப்பின் போல்ட் துளைக்குள் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை விரலில் தொட்டு, "இதென்ன செவப்பு? துருவா?" என்று கேட்டான்.

"ஆமா, துருவாத்தான் இருக்கும்" என்றார் ஜெயராஜ் அவசரமாக.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம். இந்த மனுசன் யார் எனக்காகப் பொய் சொல்ல? வாயைத் திறந்து, "நீதான் கழுவினாய்" என்று அன்றைக்கே ஒரு சத்தம் போட்டிருந்தால் என்ன? ஆனால் நான் அவரை அப்படிச் சொல்ல விட்டிருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். விட்டிருக்க மாட்டேன். எழுதி வைத்ததைக் கழுவினால் அழிகிற பேனையால் எழுதியது யார் குற்றம் என்று கேட்டிருப்பேன். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்ததும் போகவில்லை.

"அது துரு இல்ல அண்ணே, குங்குமம்" என்றேன். "அவரு அடையாளம் போட்டுத்தான் வச்சிருந்தாரு. நான்தான் மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவினேன். பூசைக்கு."

போனை நீட்டினேன். அண்ணன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே பக்கம் மாறி என் மேல் திரும்பியது.

"நீயா? ஆறு வருஷமா வேன் ஓட்டுறவ, கழட்டி வச்ச டிஃப்பக் கழுவிப் பொட்டு வச்சியா? இதுக்குத்தான் சொல்றது, பொம்பளைங்களுக்கு ஸ்டேரிங்கப் பிடிக்கத் தெரிஞ்சாப் போதாதுன்னு. அப்பா இருந்திருந்தா—"

"போதும் மச்சான்."

சத்தம் பெரிதில்லை. ஆனால் அண்ணன் நிறுத்திவிட்டான். ஒன்பது வருஷத்தில் ஜெயராஜ் அவனை மறித்துப் பேசிய முதல் தடவை அது. தன்னை அவன் மிதித்தபோதெல்லாம் சரி, சரி என்று நின்ற மனுசன், என்னை ஒரு வார்த்தை சொன்னதும் போதும் என்கிறார்.

"பெயாரிங் ஒண்ணு இருந்தாத் தாங்க. நாளைக்குப் புள்ளைகள ஏத்தணும்" என்றார்.

அண்ணன் சாமான் அலுமாரித் தட்டில் இருந்து ஒரு பெயாரிங்கை எடுத்துக் கொடுத்தான். பூட்டியது ஜெயராஜ்தான். மரையில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டு, கெப்பைப் பக்கம் மாற்றி, 'இ' இடதுக்கு, 'வ' வலதுக்கு. இந்த முறை மரை விரலாலேயே சுற்றியது. அண்ணன் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வருகிற வழியில் எல்லா ஏற்றத்திலும் எல்லா இறக்கத்திலும் இருவரும் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தோம். சத்தம் இல்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்ல நினைத்தேன். அந்தச் சொல்லைப் பழகாத வாய். "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டேன். காலையிலிருந்து நானும்தானே கூட இருந்தேன், சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியாதா? "இல்ல, நீயும் சாப்பிடலையே" என்றார்.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, இறங்காமலே குழுவில் எழுதினேன். வொய்ஸ் போடக் குரல் சரியாக இல்லை. 'நாளைக்கு வேன் வழக்கமான நேரத்துக்கு வரும். டிஃப் மாற்றியது என் கணவர். சரியாகத்தான் மாற்றினார். இடையில் கெடுத்தது நான்.'

முதல் பதில் அஞ்சலாவிடமிருந்து வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. நான் வேடிக்கையாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற அந்த மஞ்சள் முகத்தை வரிசையாக ஐந்து போட்டிருந்தாள்.

பக்கத்து சீட்டில் அவருடைய போனும் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தப் போன் எத்தனை தரம் டிங் என்றிருக்கும் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.